ஆய்வில் ஜெயித்த திட்டம் பள்ளிக்கூடத்தில் ஏன் தடுமாறுகிறது?

கல்வியைப் பற்றிய விவாதத்தில் ஒருவர் "ஆய்வுகள் சொல்கின்றன" என்று ஆரம்பித்துவிட்டால் எதிரில் இருப்பவருக்குப் பாதி வாய் அடைத்துப்போகும். எந்த ஆய்வு, எங்கே நடந்தது, யாரை வைத்து நடந்தது என்று கேட்க ஆள் இருக்காது. அப்புறம் பேச்சு வழக்கமான இரண்டு தடங்களில் ஓடும். "எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டது, அரசாங்கம்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை" என்பார் ஒருவர். "வகுப்பறையில் காலே வைக்காதவர்கள் எழுதுவதை நம்பி நாங்கள் பாடம் நடத்த முடியுமா" என்பார் இன்னொருவர்.

சண்டை போட்டாலும் இருவரும் நம்புவது ஒன்றைத்தான். ஆய்வு என்பது பொட்டலம் கட்டி முடித்த சரக்கு, அதைக் கோட்டையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாக்கி என்ற நம்பிக்கை அது. கல்வி ஆய்வுக்கும் கல்விக் கொள்கைக்கும் நடுவே இடைவெளி இருப்பது உண்மைதான். ஆனால் அறிக்கையை எல்லாரும் படித்து, ஏற்றுக்கொண்டு, ஆணையும் போட்ட பிறகுகூட அது அப்படியே இருந்திருக்கிறது. எப்படி என்று பார்க்க, இந்தியாவிலேயே நடந்த ஒரு நீண்ட கதை வசதியானது.

வதோதராவில் ஜெயித்தது

2001 வாக்கில் குஜராத்தின் வதோதராவிலும் மும்பையிலும் 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் ஒரு முயற்சி செய்தது. மூன்றாம், நான்காம் வகுப்பில் எழுத்துக்கூட்டவே திணறும் பிள்ளைகளில் பதினைந்து இருபது பேரை, அந்தப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண் தினமும் இரண்டு மணி நேரம் தனியே அழைத்துப்போய் அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுப்பார். அவருக்குப் 'பால்சகி' என்று பெயர். குழந்தைகளின் தோழி.

இது பலன் தருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பால்சகி இருக்கும் பள்ளியையும் இல்லாத பள்ளியையும் ஒப்பிட்டால் சரிவராது. அக்கறையுள்ள தலைமையாசிரியர்தான் முந்திக்கொண்டு பால்சகியைக் கேட்டு வாங்கியிருப்பார். அவர் பள்ளிப் பிள்ளைகள் பால்சகி வராவிட்டாலும் கொஞ்சம் நன்றாகவே படித்திருப்பார்கள். அதனால் ஆய்வாளர்கள் முடிவைக் குலுக்கலுக்கு விட்டார்கள். சில பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக்குப் பால்சகி, மற்றவற்றில் நான்காம் வகுப்புக்கு. யாருக்கு எது என்பது யாருடைய விருப்பமும் இல்லாமல் முடிவானது. இந்த முறைக்குச் சமவாய்ப்புச் சோதனை என்று பெயர். குலுக்கலில் பிரிந்த இரண்டு கூட்டமும் மற்ற எல்லா வகையிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். கடைசியில் தெரியும் வித்தியாசத்தைத் திட்டத்தின் கணக்கில் எழுதலாம். 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது இந்த மாதிரி வேலைகளுக்காகத்தான். பால்சகி ஆய்வில் முதல் இருவருக்கும் பங்கு உண்டு.

முடிவு தெளிவாக இருந்தது. பால்சகி கிடைத்த வகுப்புகள் முன்னேறின, மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகள்தான் அதிகம் முன்னேறினார்கள். வயதையும் வகுப்பையும் ஒதுக்கிவிட்டு, பிள்ளைக்கு இப்போது எவ்வளவு தெரியுமோ அங்கிருந்து தொடங்குவதுதான் இதன் சாரம். இனி இதை 'நிலைக்கேற்ற கற்பித்தல்' என்று சொல்லலாம்.

நிலையைக் கண்டுபிடிக்கப் பெரிய தேர்வெல்லாம் தேவையில்லை. பிரதம் 2005 முதல் நாடு முழுக்க நடத்திவரும் 'அசர்' கணக்கெடுப்பில் பயன்படுத்துவது ஒரே ஒரு தாள். அதில் சில எழுத்துகள், சில சொற்கள், முதல் வகுப்பு அளவில் ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக் கதை. பிள்ளை எதுவரை வாசிக்கிறதோ அதுதான் அதன் நிலை. கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேரால் அந்தக் கடைசிக் கதையை வாசிக்க முடிவதில்லை என்று வருடா வருடம் செய்தியில் வருகிறதே, அந்தத் தகவல் இந்தத் தாளிலிருந்து வருவதுதான்.

இதுவரை: சமவாய்ப்புச் சோதனை என்பது ஒரு திட்டத்தின் பலனை வேறு காரணங்களோடு குழப்பிக்கொள்ளாமல் அளக்கும் வழி. நிலைக்கேற்ற கற்பித்தல் அந்தச் சோதனையில் தேறியது.

நிலையத்து வயலும் கடைமடையும்

பொட்டலம் தயார், எல்லாப் பள்ளிக்கும் அனுப்ப வேண்டியதுதானே என்று தோன்றும். ஒரு புது நெல் ரகத்தை நினைத்துப் பாருங்கள். ஆராய்ச்சி நிலையத்து வயலில் அது ஏக்கருக்கு இத்தனை மூட்டை கண்டது என்றால் அது பொய்யில்லை. அங்கே வேண்டிய நாளில் தண்ணீர் பாய்ந்தது, நேரத்துக்கு உரம் போட்டார்கள், களையெடுக்க ஆள் இருந்தது, தினமும் ஒருவர் போய்ப் பார்த்தார். கடைமடை விவசாயி அந்த விதையை வாங்கிப்போய்ப் பாதி மகசூல்கூடக் காணவில்லை என்றால் விதையைக் குறை சொல்வதா, விவசாயியைத் திட்டுவதா? சோதித்த 'திட்டம்' என்பது விதை மட்டும் இல்லை. அந்தத் தண்ணீரும் உரமும் ஆளும் சேர்ந்ததுதான்.

பால்சகிக்கும் இதேதான். வதோதராவில் சோதிக்கப்பட்டது ஒரு பாடமுறை மட்டும் இல்லை. பிரதம் தேர்ந்தெடுத்த, பிரதம் பயிற்சி கொடுத்த, வேறு எந்த வேலையும் தரப்படாத ஒரு பெண்ணும் அந்தச் சோதனைக்குள் இருந்தார். அவரை எடுத்துவிட்டு அரசுப் பள்ளி ஆசிரியரை வைத்தால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. அதற்கு வதோதராவில் பதில் கிடையாது.

பதில் பீகாரில் கிடைத்தது, கொஞ்சம் விசித்திரமாக. 2008 கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே ஒரு மாத முகாம் நடத்தினார்கள். பின்தங்கிய பிள்ளைகளுக்கு மட்டும், நிலைக்கேற்ற முறையில். பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறியது. ஆக, அரசு ஆசிரியர்களுக்கு இது வராது என்பதற்கு இடமில்லை. பள்ளி திறந்ததும் அதே முறையை வகுப்புகளுக்குக் கொண்டுபோனார்கள். சில பள்ளிகளுக்குப் பாடப்பொருள்கள் மட்டும், சிலவற்றுக்குப் பாடப்பொருள்களோடு பயிற்சியும், சிலவற்றுக்கு இரண்டோடு பள்ளி நேரத்துக்கு வெளியே சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்களும். முதல் இரண்டிலும் மாற்றமே இல்லை. தன்னார்வலர் இருந்த இடத்தில் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. உத்தராகண்டில் தன்னார்வலர்களைப் பள்ளிக்குள்ளேயே அனுப்பினார்கள். பள்ளி அவர்களை இன்னொரு ஆசிரியரைப் போலவே வேலை வாங்கிக்கொண்டது. பலன் பூஜ்யம்.

ஒரே மாநிலம், ஒரே மாதிரி ஆசிரியர்கள். ஜூனில் முடிந்தது ஜூலையில் ஏன் முடியவில்லை? விடுமுறையில் அந்த முகாம்தான் அவர்களுடைய வேலை. பள்ளி திறந்துவிட்டால் வேலை வேறு, பாடத்திட்டத்தை முடிப்பது. மேலதிகாரி வந்தால் எத்தனையாவது பாடம் ஓடுகிறது என்றுதான் பார்ப்பார். பின்னால் வந்த 2009 கல்வி உரிமைச் சட்டமும், குறித்த காலத்துக்குள் பாடத்திட்டம் முழுவதையும் முடிப்பதை ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாக எழுதிவைத்தது. ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு எழுத்துக்கூட்டும் பிள்ளைக்காக ஒரு ஆசிரியர் பாடத்தை நிறுத்தினால், பிள்ளைக்கு நல்லது செய்கிறார். ஆனால் பதிவேட்டின்படி அவர் வேலையில் பின்தங்குகிறார். பயிற்சி வகுப்பு வைத்து இதைத் தீர்க்க முடியாது. அதில் ஆசிரியர் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போவதற்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. அவரிடம் எதைக் கேட்டார்களோ அதைத்தான் அவர் செய்தார்.

ஹரியானாவில் மாற்றியது என்ன?

பீகாரில் தோற்ற பிறகு பிரதமும் ஆய்வாளர்களும் ஆசிரியரை விட்டுவிட்டு அவருடைய கால அட்டவணையைப் பார்த்தார்கள். 2012-13 கல்வியாண்டில் ஹரியானா அரசோடு சேர்ந்து அதை மாற்றினார்கள். பள்ளி நாளில் ஒரு மணி நேரம் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்த மணி அடித்ததும் பிள்ளைகள் தங்கள் வகுப்பை விட்டு எழுந்து நிலைக்கேற்ற குழுவில் போய் உட்கார வேண்டும். எழுத்து மட்டும் தெரிந்தவர்கள் ஓர் அறை, பத்தி வாசிப்பவர்கள் வேறு அறை. அந்த நேரத்தில் பாடத்திட்டம் கிடையாது. அரசே சொல்லிவிட்டதால், பாடத்தை நிறுத்தினீர்களா என்று யாரும் கேட்க முடியாது.

இரண்டாவது மாற்றம் மேற்பார்வை. நம்மூர் வட்டார வள மையங்களின் ஆசிரியர் பயிற்றுநர்களைப் போல அங்கேயும் வட்டார அளவில் ஒருங்கிணைப்பாளர்கள் உண்டு. வழக்கமாக அவர்கள் பள்ளிக்குப் போனால் படிவங்களை நிரப்பி வாங்கி வருவார்கள். இந்தத் திட்டத்தில் முதலில் அவர்களுக்குப் பயிற்சி. அதோடு விடாமல், பதினைந்து இருபது நாள் பள்ளியில் நின்று அவர்களே பாடம் நடத்த வேண்டும் என்றார்கள். தானே நடத்திப் பார்த்தவர் ஆசிரியரிடம் பேசினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். இந்த முறை பலன் தெரிந்தது. கவனம் செலுத்தியது இந்தி வாசிப்பில், பிள்ளைகள் முன்னேறியதும் இந்தி வாசிப்பில்தான்.

ஒரு திட்டம் நிஜப் பள்ளியில் யாரால், எப்போது, எந்த வேலைக்குப் பதிலாக, யாருடைய கண்காணிப்பில் நடக்கிறது என்ற இந்தச் சங்கதிகளை எல்லாம் சேர்த்துச் செயலாக்கம் என்பார்கள். கேட்க அலுப்பான சொல்தான். ஆனால் கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களைப் பற்றி நடந்த சோதனையில் சில பள்ளிகளுக்கான திட்டத்தை ஒரு தொண்டு நிறுவனமும், சிலவற்றுக்கானதை அரசும் நடத்தின. யாருக்கு யார் என்பதும் குலுக்கல்தான். தொண்டு நிறுவனம் நடத்திய இடத்தில் மதிப்பெண் உயர்ந்தது. அரசு நடத்திய இடத்தில் ஒன்றுமில்லை. சம்பளம் தாமதமானதிலிருந்து கண்காணிப்பு தளர்ந்தது வரை காரணங்கள் எல்லாம் செயலாக்கத்தைச் சேர்ந்தவை.

சுருக்கமாக: பலன் தருமா என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே 'யார் கையில்?' என்ற கேள்வியும் நிற்கிறது. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை இரண்டாவதற்கும் பதிலாக எடுத்துக்கொள்ளும்போதுதான் கோளாறு ஆரம்பிக்கிறது.

எல்லாருக்கும் கொடுத்தால் வரும் சிக்கல்

செயலாக்கம் சரியாக இருந்தாலும் இன்னொரு பள்ளம் உண்டு. அதற்குப் பேர்போன உதாரணம் அமெரிக்காவில்.

டென்னசி மாநிலத்தில் 1985 முதல் நான்கு ஆண்டுகள், 79 பள்ளிகளில், பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து ஒரு சமவாய்ப்புச் சோதனை நடந்தது. ஒரு கூட்டத்துக்கு வகுப்பில் 13 முதல் 17 பேர், இன்னொன்றுக்கு 22 முதல் 25 பேர். சின்ன வகுப்பில் படித்தவர்கள் தெளிவாக முன்னே இருந்தார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கும் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் பலன் இன்னும் அதிகம். இதைவிட நல்ல ஆதாரம் கல்வித் துறையில் அபூர்வம்.

1996இல் கலிஃபோர்னியா இதைக் கையில் எடுத்தது. ஜூலையில் சட்டம், சில வாரங்களில் தொடங்கும் கல்வியாண்டிலேயே அமல். தொடக்க வகுப்புகளில் 28, 30 என்றிருந்த எண்ணிக்கையை 20க்குக் குறைக்கும் பள்ளிகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம். சீக்கிரமே ஆண்டுச் செலவு நூறு கோடி டாலரைத் தாண்டியது. பள்ளிகள் வரிசையில் நின்று சேர்ந்தன.

மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் வகுப்பைச் சின்னதாக்கினால் ஆயிரக்கணக்கில் புது ஆசிரியர்கள் வேண்டும், அறைகள் வேண்டும். நூலகமும் இசை அறையும் வகுப்பறையாயின. வசதியான ஊர்ப் பள்ளிகள் விளம்பரம் கொடுத்ததும், ஏழைப் பகுதிகளில் இருந்த அனுபவசாலிகள் கிளம்பிப் போனார்கள். அவர்கள் இடத்தில் உட்கார்ந்தது முழுத் தகுதிச் சான்றிதழ் இல்லாதவர்கள். தொடக்க வகுப்புகளில் அப்படிப்பட்ட ஆசிரியர்களின் பங்கு 2 சதவீத அளவிலிருந்து இரண்டே ஆண்டில் 12 சதவீதத்துக்கு மேல் ஏறியது. யாருக்கு அதிகம் பயன்படும் என்று டென்னசி சொன்னதோ, அந்தப் பிள்ளைகளுக்கே இந்த நஷ்டமும் அதிகம். கடைசியில் மதிப்பீட்டாளர்களால் வகுப்பு அளவுக்கும் மதிப்பெண்ணுக்கும் தெளிவான தொடர்பைக் காட்ட முடியவில்லை.

டென்னசி ஆய்வு தப்பா என்றால் இல்லை. 79 பள்ளிகளுக்கு ஆசிரியர் தேடினால் மாநிலத்தின் ஆசிரியர் சந்தை அசையாது. எல்லாப் பள்ளிகளும் தேடினால் அசையும். சிறிய அளவில் தலைகாட்டாமல், திட்டம் எல்லா இடத்துக்கும் போகும்போது மட்டும் கிளம்பும் இந்த மாதிரி விளைவுகளை விரிவாக்க விளைவு என்று வைத்துக்கொள்வோம். 79 பள்ளிச் சோதனை எதுவும் அதை முன்கூட்டிக் காட்டாது.

கோப்பு ஒரு வேகம், ஆய்விதழ் ஒரு வேகம்

இனி அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆய்வாளர் கேட்பது 'இது பலன் தருமா' என்று. செயலாளர் கேட்பது வேறு: மார்ச்சுக்குள், இந்த ஒதுக்கீட்டுக்குள், இருக்கிற பணியிடங்களை வைத்து, யாரும் தடையாணை வாங்காதபடி என்ன செய்யலாம்? ஆய்வுக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் "மேலும் ஆய்வு தேவை" என்று இருக்கும். கோப்பில் அப்படி எழுத முடியாது. எழுதி முடிப்பதற்குள் மாற்றல் உத்தரவும் வந்திருக்கும்.

தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் நடந்த ஆய்வில் இந்த நேரக் கணக்கைப் பார்க்கலாம். நம் அங்கன்வாடிப் பணியாளருக்கு எத்தனை வேலை என்று எல்லாருக்கும் தெரியும். எடை பார்க்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கர்ப்பிணிகள் கணக்கு, பதிவேடுகள். இவற்றுக்கு நடுவில் மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கிடைப்பது சொற்ப நேரம். இன்னொருவரை, முன்பருவக் கல்விக்கென்றே அரை நாள் வேலைக்கு வைத்தால்? நான்கு மாவட்டங்களில் 640 மையங்களை எடுத்துக் குலுக்கல் முறையில் பாதிக்கு ஓர் ஆளைக் கூடுதலாகப் போட்டார்கள். சொல்லிக்கொடுக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை வருடத்தில் பிள்ளைகளின் மொழித் திறனும் கணக்கும் நன்றாக உயர்ந்தன. கூடவே, வளர்ச்சி குன்றிய பிள்ளைகளும் கடுமையான ஊட்டக்குறைவு உள்ள பிள்ளைகளும் குறைந்தார்கள். பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததுதான் காரணம்.

இந்த ஆய்வை எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் கேள்விதான். 'இன்னொரு பணியிடம் போட்டால் என்ன கிடைக்கும்' என்பது நிதித்துறை கேட்கக்கூடிய கேள்வி. அரசின் சொந்த மையங்களில், அரசோடு சேர்ந்து நடந்தது. ஆனால் களவேலை தொடங்கியது 2016இல். முதல் வரைவு வெளியானது 2021இல், ஆய்விதழில் அச்சானது 2024இல். இடையில் ஒரு சட்டமன்றத் தேர்தலே வந்துபோய்விட்டது.

கேள்வியைச் சேர்ந்தே கேட்பதற்காகத்தான் 2014இல் தமிழ்நாடு அரசு 'ஜே-பால்' என்ற ஆய்வு அமைப்போடு ஒப்பந்தம் போட்டது. இங்கிலாந்தில் 2011இல் தொடங்கிய கல்விக் கொடை நிறுவனம் ஒன்று வேறு வழியில் போகிறது. ஒரே விஷயத்தைப் பற்றி உலகெங்கும் நடந்த ஆய்வுகளை மொத்தமாகத் திரட்டி, சராசரிப் பலன் எவ்வளவு, செலவு எவ்வளவு, ஆதாரம் எவ்வளவு உறுதி என்று ஆசிரியருக்கே புரியும்படி ஒரு பக்கத்தில் போடுகிறது. இதற்கு ஆதாரத் தொகுப்பு என்று பெயர்.

சில நேரம் ஆய்வு சரியான நேரத்துக்கு வந்தும் விடும், அதிர்ஷ்டத்தால். கொரோனாவுக்கு முன் 2019இல் வேறு வேலைக்காகத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கற்றலை அளந்து வைத்திருந்தார்கள். பள்ளிகள் மூடித் திறந்தபோது, இழப்பை ஒப்பிட அளவுகோல் கையில் இருந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் தெருவிலும் திண்ணையிலும் பாடம் நடத்தினார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இந்தத் திட்டத்தால் வந்தது என்றும் திட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சொல்ல முடிந்தது. இங்கே குலுக்கல் இல்லை, அதனால் உறுதி கொஞ்சம் குறைவு. ஆனால் முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் கையில் ஒரு எண் இருந்தது.

ஆய்வு தீர்மானிக்காதவை

எல்லாக் கொள்கையும் ஆய்வுக்குப் பின்னால்தான் வர வேண்டும் என்றும் இல்லை. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை அறிவித்தபோது கையில் சோதனை முடிவு எதுவும் கிடையாது. பணம் வீண் என்றவர்களும் இருந்தார்கள். பள்ளி மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகள்கூட உயரத்தில் மேம்பட்டிருக்கிறார்கள் என்று நாடு தழுவிய தரவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது 2021இல். சிறுமிகள் வளர்ந்து தாயாகும் வரை அந்தக் கேள்விக்குப் பதில் வர வழியே இல்லை.

தேர்ச்சி விவகாரத்தில் நிலைமை தலைகீழ், அங்கே ஆய்வு ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. ஒரு பிள்ளையை அதே வகுப்பில் மீண்டும் உட்காரவைப்பது சராசரியாகப் பார்த்தால் நன்மையைவிடத் தீமை செய்கிறது, செலவும் அதிகம் என்றுதான் மேலே சொன்ன ஆதாரத் தொகுப்பு காட்டுகிறது. 2019 செப்டம்பரில் தமிழ்நாடு ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்தது. பெற்றோர், ஆசிரியர்கள், கட்சிகள் என்று எதிர்ப்பு கிளம்பி, 2020 பிப்ரவரியில் அது ரத்தானது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் இந்த இரண்டு வகுப்புகளிலும், மறுதேர்விலும் தேறாதவர்களை நிறுத்திவைக்கலாம் என்று விதியை மாற்றியது. தமிழ்நாடு எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்துவதில்லை என்ற நிலையில் இருந்தது. ஒரு பக்கம், தேர்வு பயம் இல்லாவிட்டால் படிப்பு நடக்காது என்ற எண்ணம். மறுபக்கம், ஒருமுறை தோற்ற ஏழைப் பிள்ளை திரும்பப் பள்ளிக்கு வராது என்ற கவலை. இரண்டு அரசுகளுக்கும் கிடைக்கக்கூடிய ஆய்வுகள் ஒன்றேதான்.